கட்டளை வரியிலும் தமிழ் எழுக!

(தனித்தமிழ்ப் பொழிவரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்துவடிவம்)



தமிழ் இலக்கணத்துள் ஏவல்வினைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வினைப்பகுதி எதுவோ அதுவே ஏவலாகவும் நிற்கும். நட, வா, உண், செல் என்பன பகுதிகள். அவையே முன்னிலை ஒருமை ஏவல்களும் ஆகும். ஒட்டும் வேண்டா, உருபும் வேண்டா. நன்னூலார் இவ்வேவற் பகுதிகளை 23 வாய்பாடுகளாக வகுத்துக் காட்டினார். நிறுவு, நீக்கு, தேடு, காட்டு என ஒரே சொல்லுள் முழுக்கட்டளையையும் அடக்கிச் சொல்லும் ஆற்றல் இம்மொழியின் பிறப்பிலேயே அமைந்து கிடக்கின்றது.

இதனை இங்கு நினைவூட்டுதற்குக் கரணியம் உண்டு. இன்று ஞாலமெங்கும் கணினிகள் இத்தகைய ஒருசொல் ஏவல்களாலேயே ஆளப்படுகின்றன. அவ்வேவல்கள் ஆங்கில ஏவல்கள். ஏவலுக்கென்றே வாய்த்த மொழியை உடைய தமிழர், தம் மேசைமேல் உள்ள பொறியை ஏவுதற்கு இன்னும் அயன்மொழியின் வாயிலில் நிற்கின்றனர். இந்நிலை ஏன் நேர்ந்தது, இதனை மாற்றுதற்குரியார் யாவர் என்பதே இப்பொழிவின் பொருள்.

கட்டளை வரி என்பது யாது?

கணினியை ஆள்வதற்கு இருவழிகள் உள. திரையில் தோன்றும் படங்களைச் சொடுக்கி வேலை வாங்குவது ஒருவழி. வெறுந்திரையில் ஒருவரி எழுதி, விசையைத் தட்டிக் கணினியை ஏவுவது மற்றொரு வழி. பின்னதற்கே கட்டளை வரி என்று பெயர். முன்னது, உணவு விடுதியின் பலகையில் எழுதியிருப்பவற்றுள் ஒன்றைச் சுட்டிக் கேட்பது போன்றது. பின்னது, அடுக்களைக்குள்ளேயே நின்று வேண்டியதைச் சமைக்கச் சொல்வது போன்றது.

கட்டளை வரியைப் பழங்காலத்து எச்சம் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வலைத்தளங்களையும் பெருநிறுவனங்களின் கணக்குகளையும் தாங்கி நிற்கும் வழங்கிக் கணினிகள் பலவற்றுக்குத் தனித்திரையே இல்லை. அவற்றைப் பேணுவோர் எங்கோ ஓரிடத்திலிருந்து கட்டளை வரியாலேயே ஆளுகின்றனர். ஆகவே கட்டளை வரி என்பது கணினியாட்சியின் உள்ளறை. வெளியறையில் தமிழுக்கு இருக்கை இட்டாயிற்று. கைப்பேசியிலும் திரைப்பட்டிகளிலும் தமிழ் எழுத்து தோன்றுகின்றது. ஆணை பிறக்கும் உள்ளறையிலோ தமிழின் குரல் கேட்கவில்லை.

அவ்வுள்ளறையில் நாள்தோறும் பிறக்கும் ஆணைகளுள் தலையாயவை மென்பொருளை நிறுவுதல், நீக்குதல், மேம்படுத்துதல் என்பன. அவை எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை அறிந்தாலன்றித் தமிழ் புகவேண்டிய வாயில் எதுவென விளங்காது.

பொதியும் களஞ்சியமும்

1983ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான இரிச்சர்டு சுட்டால்மன், குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை விரும்பியவாறு இயக்குதல், அதன் மூலநிரலை ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் வழங்குதல் ஆகிய நான்கு உரிமைகளே அவ்வியக்கத்தின் உயிர்நிலை. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்சு, இலினக்சு என்னும் கருவகத்தை வெளியிட்டார். 1993 ஆகசுட்டு 16ஆம் நாள் இயன் முர்தாக்கு என்னும் இளைஞர் இவ்விரண்டையும் இணைத்து ஓர் இயங்குதளத்தைத் தொகுக்கப் போவதாக அறிவித்தார். தெபுரா என்னும் தம் தோழியின் பெயரையும் இயன் என்னும் தம் பெயரையும் புணர்த்தித் 'தெபியன்' என்று அதற்குப் பெயரிட்டார். ஊதியம் கருதாத் தொண்டர்களால் இன்றுவரை நடத்தப்பெறும் பேரியக்கம் அது.

தெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்படுகின்றது. பொதிந்து கட்டப்படுவது பொதி. வணிகச் சாத்தர் மாட்டின்மேல் ஏற்றிச் சென்ற மூட்டைக்குத் தமிழர் வழங்கிய அதே சொல். தெபியன் பொதிக்குள் மூன்று கூறுகள் இருக்கும். முதலாவது, பொதியமைப்பின் பதிப்பெண்ணைக் குறிக்கும் சிறு கோப்பு. இரண்டாவது, பொதியின் பெயர், பதிப்பு, பேணுநர், அது சார்ந்திருக்கும் பிற பொதிகள், அதைப் பற்றிய விளக்கம் ஆகியவற்றைக் கூறும் அடையாளக் குறிப்பு. மூன்றாவது, உள்ளே வைத்த சரக்கு. அஃதாவது மென்பொருட் கோப்புகள்.

ஒற்றைப் பொதியைப் பிரித்து உரிய இடங்களில் அடுக்கும் கருவிக்கு 'டி-பி-கே-சி' என்று பெயர். அது கொடுத்த பொதியை அடுக்குமேயன்றி, அப்பொதிக்கு வேண்டிய துணைப்பொதிகளைத் தேடிக் கொணராது. அக்குறையை நீக்க எழுந்ததே 'ஆப்ட்டு' என்னும் கருவி. 1999இல் வெளிவந்த தெபியன் 2.1 பதிப்பொடு அது பயனர் கைக்கு வந்தது. எல்லாப் பொதிகளும் ஒழுங்குற வைக்கப்பட்டுள்ள களஞ்சியத்தை அணுகி, வேண்டியதையும் அதற்குத் துணை வேண்டியவற்றையும் வரிசை பிறழாமல் கொணர்ந்து தருவது ஆப்ட்டின் பணி. 2025 ஆகசுட்டு 9ஆம் நாள் வெளியான தெபியன் 13 பதிப்பின் களஞ்சியத்தில் 69,830 பொதிகள் இருந்தன. இத்துணைப் பெருங்களஞ்சியமும் ஒரு வரிக் கட்டளைக்கு அடங்கி நிற்கின்றது.

அடிப்படை ஏவல்கள்

ஆப்ட்டின் ஏவல்கள் பல. அவற்றுள் அடிப்படையானவற்றைத் தமிழ்ப்படுத்தி நோக்கினால், அவற்றின் அமைப்பு எத்துணை எளிது என்பது புலனாகும்.

முதலாவது 'புதுப்பி'. இது மென்பொருள் எதையும் மாற்றாது. களஞ்சியத்தில் என்னென்ன பொதிகள், எந்தெந்தப் பதிப்பில் உள என்னும் பட்டியலை மட்டும் புதிதாகக் கொணரும். பட்டியலைப் புதுப்பித்ததையே மென்பொருளைப் புதுப்பித்ததாக எண்ணி ஏமாறுவோர் பலர்.

இரண்டாவது 'மேம்படுத்து'. நிறுவப்பட்டுள்ள பொதிகளுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பின் அவற்றைக் கொணர்ந்து மாற்றும். இருக்கும் பொதி ஒன்றையேனும் நீக்கவேண்டி வருமாயின், இவ்வேவல் அப்பொதியைத் தொடாது விட்டுவிடும்.

மூன்றாவது 'நிறுவு'. பொதியின் பெயரைச் சேர்த்து எழுதினால், அதனையும் அதன் சார்புகளையும் எடுத்துரைத்து, எவ்வளவு இடம் கொள்ளும் என்பதையும் காட்டும். கேட்ட பொதிக்குமேல் வேறு பொதிகளும் வரவேண்டியிருப்பின், தொடரலாமா என்று வினவிய பின்னரே செயலில் இறங்கும்.

நான்காவது 'நீக்கு'. இது மென்பொருளை அகற்றும்; அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். அவற்றையும் சேர்த்து அகற்றுதற்குத் 'துடை' என்று சொல்லத்தக்க தனியேவல் உண்டு.

ஐந்தாவது 'களையெடு'. ஒரு பொதிக்குத் துணையாகத் தாமாக வந்து, அப்பொதி நீங்கிய பின்னரும் வேலையின்றித் தங்கியிருக்கும் பொதிகளைக் கண்டறிந்து இது நீக்கும். எப்பொதி பயனர் கேட்டு வந்தது, எப்பொதி துணையாக வந்தது என்பதை ஆப்ட்டு மறவாமல் குறித்து வைத்திருப்பதால் இது இயல்கின்றது.

இவற்றொடு 'தேடு', 'காட்டு' என்பனவும் உள. ஒன்றைச் செய்யாமலே, செய்தால் என்ன நேரும் என்று முன்னுரைக்கச் சொல்லும் ஏந்தும் உண்டு. நிறுவுதல், நீக்குதல் போன்ற வினைகளைச் செய்தற்குக் கணினியின் முழுவுரிமையர் என்னும் நிலை வேண்டும். ஆதலால் ஏவலுக்கு முன்னே அவ்வுரிமையைப் பெறும் சொல்லையும் எழுதிக் கடவுச்சொல்லையும் தருதல் வேண்டும். உரிமையில்லார் ஏவினால் கணினி பணியாது.

சார்பை மறையாத ஒழுங்கு

இவ்வமைப்பின் நடுநாடி 'சார்பு' என்பது. தமிழ் இலக்கணத்தில் முதலெழுத்து, சார்பெழுத்து என்னும் பாகுபாடு உண்டு. தனித்து நில்லாது பிறவெழுத்தைச் சார்ந்து வருவனவற்றைச் சார்பெழுத்து என்றார் தொல்காப்பியர். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்றாக எண்ணினார். பொதிகளிலும் அவ்வாறே. தனித்து இயங்கவல்லன மிகச் சில. ஏனையவெல்லாம் ஒன்றையொன்று சார்ந்து நிற்பன.

சார்ந்து நிற்றல் இழுக்கன்று. சார்பை மறைத்தலே இழுக்கு. தெபியன் பொதி ஒவ்வொன்றும், எதனை இன்றித் தான் இயங்காது, எது உடனிருந்தால் நன்று, எது இருந்தால் கூடுதற் பயன், எதனொடு சேர்ந்து இருக்க இயலாது என நால்வகையாகத் தன் உறவுகளை வெளிப்படையாக எழுதி வைக்கின்றது. குறிப்பிட்ட ஒரு பொதியைச் சார்ந்து நிற்பன எவை என்று தலைகீழாகவும் வினவலாம். எதனை நீக்கினால் எவையெவை விழும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

தனித்தமிழ் இயக்கத்தார்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. மொழியில் எது தன்சொல், எது வேற்றுச்சொல், வேற்றுச்சொல் எவ்வழியாக வந்தது என்று ஆய்ந்து வெளிப்படுத்துவதே மறைமலையடிகள் காலந்தொட்டு அவர்கள் செய்துவரும் பணி. வேர் தெரிந்த பின்னரே விலக்கவும் தழுவவும் இயலும். சார்பு அறியாதவன் தான் தன்னுரிமையொடு வாழ்வதாகவே எண்ணிக்கொண்டிருப்பான்.

கையொப்பமும் கண்காணிப்பும்

களஞ்சியத்திலிருந்து வரும் பொதி இடைவழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு உறுதி யாது? ஒவ்வொரு பொதிக்கும் அதன் உள்ளடக்கத்தினின்று கணக்கிட்ட ஒரு சுருக்கவெண் உண்டு. ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். அவ்வெண்களைக் கொண்ட பட்டியலுக்கும் ஒரு சுருக்கவெண் உண்டு. அதனைத் தாங்கிய வெளியீட்டுக் கோப்பில் களஞ்சியத்தார் மறையீட்டுத் திறவுகோலால் கையொப்பம் இடுகின்றனர். பயனரின் கணினியில் முன்னரே இருக்கும் பொதுத்திறவுகோலால் ஆப்ட்டு அக்கையொப்பத்தை ஒத்துப் பார்க்கின்றது. பொருந்தவில்லையெனின் எச்சரித்து நிறுத்துகின்றது.

ஆயினும் கையொப்பம் ஒன்றே காப்பாகாது. 2024ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. 'எக்சு-இசட்டு' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. எண்ணற்ற கணினிகளில் அது துணைப்பொதியாக இருந்து வருகின்றது. அதனை நெடுங்காலம் பேணிவந்தவர் ஊதியமில்லாத் தனித்தொண்டர் ஒருவர். அவர் சோர்ந்திருந்த வேளையில், புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நற்பணி செய்து நம்பிக்கையைப் பெற்றார். பேணும் உரிமையிலும் பங்கு பெற்றார். பின்னர் 5.6.0, 5.6.1 என்னும் இரு பதிப்புகளில், கணினிக்குள் அயலார் புகுதற்குரிய கள்ளவழி ஒன்றைப் புதைத்தார். தெபியனின் ஆய்வுநிலைக் களஞ்சியங்களுக்குள்ளும் அந்நஞ்சு புகுந்துவிட்டது. கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரைநொடி கூடுதலாகின்றதே என்று ஐயுற்ற ஆந்திரசு பிராயுந்து என்னும் நிரலர், விடாது துருவிச் சென்று அதனைக் கண்டுபிடித்து, 2024 மார்ச்சு 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். தெபியனின் நிலைத்த பதிப்பு அதனால் தீண்டப்படவில்லை.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. ஒன்று, மூலநிரல் திறந்திருந்தமையால்தான் ஐயுற்றவர் உட்சென்று பார்க்க இயன்றது. மற்றொன்று, பேணுநர் தனித்துவிடப்பட்ட இடத்தில்தான் பகை புகுந்தது. ஊரே பயன்கொள்ளும் கிணற்றைத் தூர்வாரும் வேலையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றினால் விளைவது இதுவே.

தமிழின் நிலை

இனித் தமிழுக்கு வருவோம். தெபியன் களஞ்சியத்தில் தமிழ் இல்லாமல் இல்லை. தமிழ் எழுத்துருப் பொதிகள் உள. தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகை அமைப்புகள் உள. இலிபர் ஆபீசு என்னும் அலுவலகத் தொகுப்புக்குத் தமிழ் இடைமுகப் பொதி உண்டு. இவையெல்லாம் தமிழ்த் தொண்டர் பலர் இரவும் பகலும் உழைத்து வைத்த செல்வங்கள். ஒரு வரிக் கட்டளையில் இல்லந்தேடி வரும். எனினும் அவை இருப்பதையே அறியாத தமிழர் எத்துணையர்! களஞ்சியத்தில் எளிதாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களுள் ஒன்றற்கு 'உலோகித்து' என்று பெயர். செந்நிறம் எனப் பொருள்படும் வடசொல் அது. இந்திய மொழிகளுக்கான அவ்வெழுத்துருக் குடும்பத்தை வெளியிட்ட அமெரிக்க நிறுவனமான இரெட்டு ஆட்டின் பெயர் செந்தொப்பியைக் குறிப்பது. அவர்கள் பொருளிட்டுச் செய்தனர். அவர்கள் விரும்பிய பெயரை வைத்தனர். செய்தவரே பெயரிடுவர் என்பதில் குற்றம் காண இடமில்லை.

கட்டளை வரிக்கு வரும்போது நிலைமை வேறாகின்றது. தெபியனை முதன்முதலாகக் கணினியில் ஏற்றும்போது எம்மொழியில் ஏற்றுவது என்று வினவப்படும். படமுறை நிறுவலில் அம்மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. வெற்றெழுத்து முறை நிறுவலில் தமிழ் இல்லை. இந்தி, வங்கம், கன்னடம், மலையாளம், தெலுங்கு ஆகியவற்றிற்கும் அதே நிலைதான். கரணியம் யாதெனின், இலினக்சுக் கருவகத்தின் எழுத்துத்திரை, ஒரு குறியீட்டெண்ணுக்கு ஒரு கட்டம் என்னும் முறையில் எழுத்தைக் காட்டுவது. குறிகளை முன்பின் மாற்றி இணைக்கும் ஆற்றல் அதற்கில்லை.

தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. அவ்வெழுத்துத்திரை ஒருசேரக் கொள்ளத்தக்க வடிவங்கள் 512. எண்ணிக்கை அளவில் தமிழ் முழுதும் அதற்குள் அடங்கிவிடும்! அடங்காமைக்குக் கரணியம் எழுத்தின் மிகுதியன்று, குறியேற்றத்தின் அமைப்பு. ஒருங்குகுறியில் 'கொ' என்னும் ஓரெழுத்து, ககரமும் ஒகரக்குறியும் என இரண்டாகப் பிளந்து வைக்கப்பட்டுள்ளது. இந்தியப் பொதுக்குறியேற்றமான 'இசுக்கி'யைப் பின்பற்றி அமைந்த முறை அது. உயிர்மெய் ஒவ்வொன்றற்கும் தனியிடம் தரும் 16 துணுக்குக் குறியேற்றத்தையும் ஒருங்குகுறியொடு சேர்த்துத் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் ஞால வழக்கில் ஒருங்குகுறியே நிலைபெற்றுவிட்டது. இனி அதனுள் நின்றே வழி காணவேண்டும். வரைகலைத் திரையில் திறக்கும் முனையச் சாளரங்களுள் சில, தமிழை ஓரளவு செவ்வையாகக் காட்டுகின்றன. ரகரமும் ணகரமும் ஒரே அகலக் கட்டத்துள் நெருக்குண்பதுபோன்ற குறைகள் இன்னும் தீரவில்லை. தமிழ் எழுத்தறிந்த நிரலர்கள் கைவைத்தாலன்றி அவை தீரா.

கட்டளைக்கு மறுமொழியாகக் கணினி உரைக்கும் சொற்களின் நிலை என்ன? ஆப்ட்டின் செய்திகளை மொழிபெயர்ப்பதற்கெனத் தனிக்கோப்புகள் உள. 2014இல் ஆப்ட்டு 1.0 பதிப்பு வெளிவந்தபோது மராத்தி, நேபாளி, கெமர், சோங்கா ஆகிய மொழிகளுக்கெல்லாம் அதனுள் கோப்புகள் இருந்தன. தமிழுக்கு இல்லை. சோங்கா என்பது பூட்டான் நாட்டு மொழி. அந்நாட்டு மக்கள் தொகை பத்து நூறாயிரத்தையும் எட்டாதது. அந்நாட்டு அரசு, தெபியனை அடிப்படையாகக் கொண்டு 2006இலேயே சோங்கா இலினக்சை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்திய நாட்டில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6.9 கோடியர். எண்ணிக்கை மொழியைக் காவாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புலவர்க்குரிய பணி

இது நிரலர் வேலை. தமிழ்ப் புலவர்க்கு இதில் என்ன உண்டு என்று சிலர் வினவக்கூடும். புலவர் இன்றி இது முற்றுப்பெறாது என்பதே விடை.

மொழிபெயர்ப்புக் கோப்பின் அமைப்பு மிக எளியது. மேலே ஆங்கிலத் தொடர். கீழே அதற்கு நேரான தமிழ்த் தொடருக்கு வெற்றிடம். நிரலெழுத அறியாதாரும் அதனை நிரப்பலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கணினி பின்னர் இட்டு நிரப்பும் பெயருக்காகத் தொடரின் நடுவே ஓர் இடக்குறி இருக்கும். இன்ன பொதியைக் காணவில்லை என்று கணினி சொல்லவேண்டும். எப்பெயர் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பெயரின் இறுதியெழுத்துத் தெரியாதபோது வேற்றுமையுருபை எவ்வாறு புணர்த்துவது? இடக்குறியை அடுத்து ஐயுருபை ஒட்டவைத்தால், உடம்படுமெய் இன்றியும் உகரம் கெடாமலும் திரையில் அருவருப்பான சொல் தோன்றும். 'என்னும் பொதி காணப்படவில்லை' என்று பெயருக்குப் பின்னே ஒரு பெயரெச்சத்தை இட்டு எழுதினாலோ, எப்பெயர் வரினும் தொடர் வழுவின்றி நிற்கும். இந்நுட்பம் புணர்ச்சியிலக்கணம் அறிந்தார்க்கு நொடியில் தோன்றும். அறியாதார்க்கு ஆண்டு பலவாயினும் தோன்றாது.

மேலும், தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். ஆங்கிலத் தொடரில் இரண்டு இடக்குறிகள் இருப்பின், தமிழில் அவற்றின் வரிசையை மாற்றவேண்டியிருக்கும். இடக்குறிக்கு எண் கொடுத்து வரிசை மாற்றும் ஏந்து அம்மொழிபெயர்ப்பு முறையில் உண்டு. ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனித் தொடர் எழுதவும் இடமுண்டு. 'ஒரு பொதி நிறுவப்படும்', 'ஐந்து பொதிகள் நிறுவப்படும்' என்று வழுவறக் கணினியைப் பேச வைக்கலாம்.

இன்னொன்றையும் அஞ்சாது சொல்லுதல் வேண்டும். தனித்தமிழ்ப் பற்றாளர் கலைச்சொற்களை ஆக்குவதில் தளர்ந்ததில்லை. நூல்களிலும் இதழ்களிலும் அகரமுதலிகளிலும் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் கோப்புக்குள் ஏறாத கலைச்சொல், பட்டறையிலேயே தங்கிவிட்ட கலப்பை. அது நிலத்தை உழாது. பொதி என்பதா, தொகுப்பு என்பதா, சிப்பம் என்பதா என ஆண்டுக்கணக்கில் வழக்காடிக்கொண்டிருக்கும் வேளையில், ஆங்கிலச் சொல்லே தமிழெழுத்தில் நுழைந்து இருக்கை கொண்டுவிடுகின்றது. சொல்லாய்வு தேவையே. ஆய்வு ஒரு நாளில் முடிவுற்று, ஒரு சொல் கோப்பில் ஏறவேண்டும். பின்னர் அதனினும் சிறந்த சொல் கிடைப்பின் அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். பொதிமுறையின் நன்மையே அதுதான்: மேம்படுத்தலுக்கு என்றும் இடமுண்டு.

ஏற்றியதொடு பணி முடியாது. தெபியனில் ஒவ்வொரு பொதிக்கும் பேணுநர் ஒருவரோ குழுவினரோ உண்டு. பேணுநர் கைவிட்ட பொதிக்கு 'ஏதிலி' எனப் பொருள்படும் பெயர் சூட்டி, எவரேனும் எடுத்து வளர்க்க முன்வருகின்றனரா என்று அறிவிக்கின்றனர். எவரும் வாராது, பிழையும் மிகுந்துவிடின் களஞ்சியத்தினின்றே நீக்கிவிடுவர். தமிழ்ப் பொதி ஏதிலியாவதைத் தடுக்கச் சட்டமன்றத் தீர்மானம் பயன்படாது. வேண்டுகோள் மடலும் பயன்படாது. மாதத்தில் சில மணிநேரம் அமர்ந்து திருத்தும் கைகள் இரண்டேனும் வேண்டும். எக்சு-இசட்டு நிகழ்ச்சி காட்டியதுபோல், அக்கைகள் தனித்துவிடப்படாதவாறு துணைநிற்கும் குழுவும் வேண்டும்.

இன்றே தொடங்குக

இளைஞர்களே! இவையெல்லாம் நெடும்பணி. ஆயினும் இன்றிரவே செய்யத்தக்க ஒன்றும் உண்டு. இலினக்சின் கட்டளையோட்டில் மாற்றுப்பெயர் இடும் ஏந்து உளது. பயனரின் இல்லக் கோப்பகத்தில் உள்ள அமைப்புக் கோப்பில், ஆப்ட்டின் நிறுவும் கட்டளைக்கு 'நிறுவு' என்றும், நீக்கும் கட்டளைக்கு 'நீக்கு' என்றும், தேடும் கட்டளைக்குத் 'தேடு' என்றும் ஒவ்வொரு வரி எழுதிச் சேர்த்துவிட்டால் போதும். அடுத்துத் திறக்கும் முனையச் சாளரத்தில் 'நிறுவு' என்று தமிழில் எழுதிப் பொதியின் பெயரையும் சேர்த்தால் கணினி அப்படியே பணியும். எவரிடமும் இசைவு கேட்கவேண்டியதில்லை, பணமும் கொடுக்கவேண்டியதில்லை. மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கட்டற்ற மென்பொருள் முன்னரே வழங்கியிருக்கின்றது.

பள்ளிகளில் கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவர்க்கு இதனைச் செய்து காட்டுக. தமிழாசிரியர்கள் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றை எடுத்து, மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு நிரப்பித் தாமே திருத்துக. ஏவல்வினையும் வேற்றுமைப் புணர்ச்சியும் தேர்வுத்தாளுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல என்பதை அம்மாணவர் அன்று உணர்வர். ஊர்தோறும் உள்ள தமிழ்மன்றங்கள் ஆளுக்கொரு பொதியைத் தத்தெடுத்துப் பேணுக. தொகுப்பொன்றை முடித்த மன்றம் அடுத்த மன்றத்துக்கு வழிகாட்டுக.

அயன்மொழியின்மேல் பகைமை கொள்ளுதல் இதற்குத் தேவையில்லை. சுட்டால்மனும் முர்தாக்கும் தமிழரல்லர். எனினும் அவர்கள் திறந்து வைத்த கதவு தமிழர்க்கும் திறந்தே கிடக்கின்றது. கதவு திறந்திருந்தும் வெளியில் நிற்போர் கதவைக் குறைகூறல் ஆகாது.

வெற்றுத்திரையில் ஒளிக்குறி ஒன்று மின்னி மின்னிக் கட்டளைக்குக் காத்திருக்கின்றது. எம்மொழியார் எழுதினும் அது ஏற்கும். தமிழில் எழுதுக! தமிழில் ஏவுக! ஏவியவற்றைப் பேணுக!

தமிழ் வெல்க!